ஓரமாகப் போ

"ஓரமாப் போ" என்பதுதான் சைக்கிள் ஓட்டும் பெண்ணுக்குத் தமிழ்நாட்டில் சொல்லப்படும் முதல் அறிவுரை. பெரும்பாலும் கடைசி அறிவுரையும் அதுவே. வாசலில் நின்று அம்மா சொல்வாள். சைக்கிளுக்குக் காற்றடித்துக் கொடுத்துவிட்டு அப்பா சொல்வார். பின்னால் வரும் பேருந்து ஹாரனால் சொல்லும். உரசிக்கொண்டு போகும் பைக்காரன் ஒரு வசையோடு சேர்த்துச் சொல்வான். அக்கறையும் வசையும் ஒரே சொல்லில் வந்து சேரும் இடங்கள் மொழியில் குறைவு. அப்படி ஓரிடம் தென்பட்டால் அங்கே சற்று நின்று பார்க்க வேண்டும்.

ஓரம் என்பது எது? நம் சாலைகளில் அது தார் முடிந்து மண் தொடங்கும் இடம். தாருக்கும் மண்ணுக்கும் நடுவே நான்கு விரற்கடை இறக்கம் இருக்கும். மணல் சேர்ந்திருக்கும். மழைநீர் வடிகாலின் உடைந்த மூடி, கண்ணாடிச் சில்லு, நிறுத்திவைத்த கார், சட்டென்று திறக்கும் அதன் கதவு, பேருந்திலிருந்து குதித்து இறங்கும் பயணி எல்லாம் அங்கேதான். சைக்கிளின் மெல்லிய டயர் எதையெல்லாம் தாங்காதோ அதெல்லாம் வந்து குவியும் இடத்தைப் பாதுகாப்பான இடம் என்று பெண்ணுக்கு ஒதுக்கிக் கொடுத்திருக்கிறோம்.

சாலையில் பெண்ணின் பாதுகாப்பு என்ற பேச்சு தொடக்கத்திலிருந்தே அவளது நடத்தையைப் பற்றிய பேச்சாகத்தான் இருந்துவந்திருக்கிறது. என்ன உடுத்தினாள், எப்படி உட்கார்ந்தாள், எந்த நேரத்தில் போனாள், ஒதுங்கி வழிவிட்டாளா? இந்தக் கேள்விகளுக்கு நூற்று நாற்பது ஆண்டு வயது. அதே நூற்று நாற்பது ஆண்டுகளில் பெண்கள் உண்மையிலேயே பத்திரமாகச் சைக்கிள் ஓட்டிய இடங்களையும் காலங்களையும் எடுத்துப் பார்த்தால், அங்கெல்லாம் அவர்கள் ஒதுங்கியிருக்கவில்லை. சாலையில் தமக்கான இடத்தை எடுத்துக்கொண்டிருந்தார்கள், அல்லது சாலையையே மாற்றவைத்திருந்தார்கள். இந்தக் கட்டுரை அந்த இரண்டு வரலாறுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறது.

பாதுகாப்பு என்ற பெயருள்ள வண்டி

இன்று நாம் ஓட்டும் சைக்கிளுக்கு அது பிறந்தபோது வைத்த பெயரே பாதுகாப்பு சைக்கிள்தான். 1885இல் இங்கிலாந்தின் கவென்ட்ரி நகரில் ஜான் கெம்ப் ஸ்டார்லி வடிவமைத்த 'ரோவர்' வண்டி 'சேஃப்டி பைசிக்கிள்' என்று விற்கப்பட்டது. அதற்கு முன்பிருந்த வண்டியில் முன்சக்கரம் ஆளுயரம் இருக்கும். உச்சியில் உட்கார்ந்திருப்பவர் கல் தடுக்கினால் தலைகுப்புற விழுவார். ஸ்டார்லியின் வண்டியில் இரு சக்கரங்களும் ஏறத்தாழ ஒரே அளவு. கால் தரையில் ஊன்றும், சங்கிலி பின்சக்கரத்தைச் சுழற்றும். 1888இல் டன்லப்பின் காற்றடைத்த டயர் வந்து சேர்ந்தது. பாதுகாப்பு என்ற சொல் அப்போது குறித்தது இயந்திரத்தின் குணத்தை. வண்டியை மாற்றினால் விழுவது குறையும் என்ற எளிய பொறியியல் அறிவு அது.

பெண்கள் ஏறி உட்கார்ந்ததும் அந்தச் சொல்லின் பொருள் திரும்பிவிட்டது. 1890களில் மருத்துவர்களும் பத்திரிகைகளும் 'சைக்கிள் முகம்' என்று ஒரு நோயைக் கண்டுபிடித்தார்கள். சைக்கிள் ஓட்டும் பெண்ணின் தாடை இறுகுமாம், கண் பிதுங்குமாம், முகத்தின் மென்மை போய்விடுமாம். கருப்பைக்குக் கேடு என்றார்கள். இருக்கை பெண்ணின் ஒழுக்கத்தைக் கெடுக்கும் என்றார்கள். விழாமல் இருப்பதற்கான வண்டியில் ஏறியவளிடம் 'நீ விழுந்துவிடுவாய்' என்று சொல்ல முடியாததால், 'நீ கெட்டுவிடுவாய்' என்று சொன்னார்கள்.

உண்மையான ஆபத்து கணுக்கால் வரை தொங்கிய பாவாடையில் இருந்தது. அது சங்கிலியிலும் சக்கரத்திலும் சிக்கியது. இதற்கு இரண்டு தீர்வுகள் சாத்தியம்: உடையை மாற்றுவது, வண்டியை மாற்றுவது. லண்டனில் 1881இல் தொடங்கப்பட்ட பகுத்தறிவு உடைச் சங்கம் முதல் வழியைக் கேட்டது. அதன் முன்னணியில் இருந்த லேடி ஹார்பர்டன் 1898இல் சர்ரே மாவட்டத்து விடுதி ஒன்றுக்குச் சைக்கிளில் போனார். காலுடை அணிந்திருந்ததால் சிற்றுண்டி அறையில் அவருக்கு இடம் மறுக்கப்பட்டது. சைக்கிள் பயணிகள் கழகம் வழக்குத் தொடுத்தது, வழக்கு தோற்றது. நடைமுறையில் வென்றது இரண்டாவது வழி. குறுக்குக் கம்பி வளைந்து தாழ்ந்தது, சங்கிலிக்கு உறை வந்தது, பின்சக்கரத்துக்கு வலை வந்தது. பெண்ணின் உடை மாறாமலே வண்டி ஓடியது.

நம் ஊரில் இருசக்கர வாகனங்களின் பின்சக்கரத்தை மறைக்கும் சேலைக் காப்பு அதே பாவாடை வலையின் உறவுக்காரிதான். 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகள் பின்சக்கரத்தில் பாதியையாவது மூடும் காப்பு இருக்க வேண்டும் என்கின்றன. காரணம், பின்னால் உட்காருபவரின் ஆடை சிக்கக் கூடாது என்பது. நல்ல விதிதான், பல உயிர்களைக் காத்த விதி. ஆனால் ஆடை பறக்கும் மனிதர் எங்கே உட்கார்ந்திருப்பார் என்று சட்டம் கற்பனை செய்தது என்பதையும் சேர்த்தே வாசிக்கலாம்.

சைக்கிள் ஓட்டும் பெண் யாரை அவ்வளவு அச்சுறுத்தினாள் என்று அறிய 1897 மே 21ஆம் தேதிக்குக் கேம்பிரிட்ஜுக்குப் போக வேண்டும். பெண்களுக்குப் பட்டம் வழங்கலாமா என்று பல்கலைக்கழகம் அன்று வாக்கெடுத்தது. எதிர்த்துத் திரண்ட ஆண் மாணவர்கள் ஒரு கொடும்பாவியைச் செய்து தெருவுக்கு மேலே தொங்கவிட்டார்கள். படிக்கும் பெண்ணைக் கேலி செய்ய அவர்களுக்குக் கிடைத்த உருவம் புத்தகம் ஏந்திய பெண் அல்ல, சைக்கிள் ஓட்டும் பெண். தீர்மானம் பெரும் வாக்கு வித்தியாசத்தில் தோற்றது. வெற்றிக் களிப்பில் பொம்மையைப் பிய்த்துப் பெண்கள் படித்த நியூன்ஹாம் கல்லூரி வாசலில் திணித்தார்கள். கேம்பிரிட்ஜ் பெண்களுக்கு முழுப் பட்டம் தந்தது 1948இல்.

செலவும் உடன்போக்கும்

தமிழ் இலக்கியம் பயின்றவர்களுக்கு 'செலவு' என்ற பழஞ்சொல் தெரியும். பயணம் என்று பொருள். பாலைத் திணையில் செலவு தலைவனுக்கு உரியது. பொருள் தேட அவன் போவான், அவள் காத்திருப்பாள், சில சமயம் அவன் போகாமல் நிற்பான். அதற்கும் 'செலவழுங்குதல்' என்று பெயர் உண்டு. அவள் ஊரைவிட்டுப் போவதற்கான பெயர் 'உடன்போக்கு'. அவனோடு போகும்போதுதான் அவள் போக்குக்குத் துறையில் இடம். கடல் வழிப் பயணத்தில் பெண்ணை உடன் கொண்டுசெல்லும் வழக்கம் இல்லை என்று தொல்காப்பியம் அதையும் ஒரு எல்லையில் நிறுத்தியது.

சைக்கிள் தமிழ்நாட்டுக் கிராமங்களுக்கு வந்தபோது இந்த இலக்கணம் மாறாமல் அதில் ஏறிக்கொண்டது. மணிக்கணக்கில் வாடகைக்கு விடும் சைக்கிள் கடைகள் ஊர்தோறும் இருந்தன. பையன்கள் கம்பிக்கு இடையில் காலை நுழைத்துக் குரங்குப் பெடல் போட்டு, முட்டி தேய்ந்து, ஒரு கோடை விடுமுறைக்குள் கற்றுக்கொண்டார்கள். பெண்ணுக்குக் கிடைத்தது பின் கேரியரில் ஒரு பக்கமாக உட்காரும் உரிமை. பிடிக்க எதுவும் இல்லாமல், இரண்டு கால்களும் போக்குவரத்தின் பக்கம் நீட்டியபடி, எதிரே வருவதைப் பார்க்க முடியாமல் உட்காருவது வண்டியில் இருப்பதிலேயே ஆபத்தான இருப்பு. அதைத்தான் அடக்கமான இருப்பு என்றார்கள்.

சாதி இதற்கு இன்னொரு பூட்டும் போட்டிருந்தது. தலித் மக்கள் ஊர்த்தெரு வழியாகச் சைக்கிளில் ஏறிப் போகக் கூடாது, இறங்கித் தள்ளிக்கொண்டுதான் போக வேண்டும் என்ற தீண்டாமை வழக்கம் தமிழ்நாட்டின் பல மாவட்டங்களில் பதிவாகியிருக்கிறது. யார் ஏறி உட்காரலாம், யார் இறங்கி நடக்க வேண்டும் என்பதை முடிவு செய்தவர்கள்தான் இங்கே முதல் போக்குவரத்துக் காவலர்கள். ஆகவே ஒரு தலித் பெண் சைக்கிளில் ஏறும்போது அவளை ஓரத்துக்குத் தள்ள இரண்டு கைகள் நீண்டிருந்தன.

புதுக்கோட்டையில் நடந்தது

1991இல் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் எழுத்தறிவு வகுப்புகளைத் தொடங்கியபோது மாவட்ட ஆட்சியராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத். பெண் தொண்டர்கள் ஊர் ஊராகப் போக வேண்டியிருந்தது. பேருந்து சில ஊர்களுக்கு வராது, வந்தாலும் நேரத்துக்கு வராது. அண்ணனோ கணவனோ கொண்டுவந்து விட்டால்தான் வகுப்பு நடக்கும் என்றால் அறிவொளிக்கே அர்த்தம் இல்லை. அதனால் எழுத்தோடு சேர்த்துச் சைக்கிளும் பாடமானது. ஞாயிற்றுக்கிழமைகளில் ஊர்ப் பொட்டலில் பயிற்சி முகாம்கள் நடந்தன. முதல் நாள் கற்றவள் மறுநாள் இன்னொருத்திக்குப் பின்னால் பிடித்துக்கொண்டு ஓடினாள். சைக்கிள் கற்பதைப் பற்றியே பாட்டுகள் பிறந்தன.

1992 மகளிர் தினத்தன்று ஆயிரத்து ஐந்நூறுக்கும் மேற்பட்ட பெண்கள் கைப்பிடியில் கொடி கட்டி, மணி அடித்துக்கொண்டு புதுக்கோட்டை நகரத்துக்குள் வந்தார்கள் என்று பி. சாய்நாத் பதிவு செய்திருக்கிறார். மாவட்டம் முழுவதும் ஏறத்தாழ ஒரு லட்சம் பெண்கள் சைக்கிள் கற்றார்கள் என்பது அவர் தரும் கணக்கு. விவசாயக் கூலிகள், கல்குவாரித் தொழிலாளர்கள், செவிலியர்கள், அங்கன்வாடிப் பணியாளர்கள், மாணவிகள் எல்லாரும் அதில் இருந்தார்கள். மகளிர் சைக்கிள் போதுமான அளவு கிடைக்கவில்லை. பெண்கள் ஆண்கள் சைக்கிளையே வாங்கினார்கள். குறுக்குக் கம்பியில் குழந்தையை உட்காரவைக்கலாம் என்பது அவர்களுக்குக் கூடுதல் வசதியாக இருந்தது. தண்ணீர்க் குடம், விளைபொருள், பிள்ளை எல்லாம் ஒரே வண்டியில் ஏறின.

கேலியும் ஆபாசப் பேச்சும் இல்லாமல் இல்லை. ஆனால் ஒருத்தி போகும்போது வாய் திறந்தவன், நாற்பது பேர் போகும்போது தெருவைவிட்டு இறங்கி நின்றான். எண்ணிக்கை தந்த அந்தப் பாதுகாப்பைப் பின்னாளில் புள்ளிவிவரமும் உறுதி செய்தது. அமெரிக்க ஆய்வாளர் பீட்டர் ஜேக்கப்சன் 2003இல் வெளியிட்ட கட்டுரையில் பல நகரங்கள், நாடுகளின் விபத்துக் கணக்குகளை ஒப்பிட்டார். சாலையில் சைக்கிள் இரட்டிப்பாகும்போது ஒவ்வொரு சைக்கிள் ஓட்டிக்கும் மோதல் ஆபத்து ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைகிறது என்பது அவர் முடிவு. அடிக்கடி பார்ப்பதை ஓட்டுநர்கள் எதிர்பார்க்கப் பழகிக்கொள்கிறார்கள். பொட்டலில் பின்னால் பிடித்துக்கொண்டு ஓடிய பெண்கள் இதைக் கணக்குப் போடாமலே செய்து காட்டியிருந்தார்கள்.

சைக்கிள் கிடைத்தது, சாலை கிடைத்ததா?

2001-02ஆம் கல்வியாண்டில் தமிழ்நாடு அரசு பதினோராம் வகுப்பு படிக்கும் ஆதிதிராவிடர், பழங்குடி மாணவியருக்கு விலையில்லாச் சைக்கிள் வழங்கத் தொடங்கியது. சில ஆண்டுகளில் அது எல்லாப் பிரிவு மாணவ மாணவியருக்கும் விரிந்தது. இறங்கித் தள்ளிக்கொண்டு போ என்று சொல்லப்பட்டவர்களின் மகள்கள் கையில் அரசு முதலில் சைக்கிளைக் கொடுத்தது என்பதை வரலாறு அழுத்தியே எழுத வேண்டும். 2006இல் பீகார் ஒன்பதாம் வகுப்பு மாணவியருக்குச் சைக்கிள் வாங்கப் பணம் கொடுத்தது. அந்தத் திட்டத்தை ஆராய்ந்த கார்த்திக் முரளிதரனும் நிஷித் பிரகாஷும் அந்த வயதுப் பெண்களின் பள்ளிச் சேர்க்கை சுமார் 30 விழுக்காடு உயர்ந்ததாகக் கண்டார்கள். தொலைவான ஊர்ப் பெண்களே அதிகம் பயன்பெற்றார்கள்.

சைக்கிளைக் கொடுத்த அரசு சாலையை அப்படியே விட்டது. வீடும் அறிவுரையை அப்படியே விட்டது. பேருந்து குறைந்த ஊர்களிலிருந்து வரும் மாணவியர் என் வகுப்பில் ஒவ்வோராண்டும் உண்டு. பள்ளியில் சைக்கிள் கிடைத்த அன்று வீட்டில் என்ன சொன்னார்கள் என்று ஒருமுறை அவர்களை எழுதச் சொன்னேன். வாக்கியங்கள் ஏறத்தாழ ஒன்றுபோலவே வந்தன. ஓரமாப் போ. துப்பட்டாவை முடிச்சுப் போட்டுக்கோ. எவனாவது ஏதாவது சொன்னா திரும்பிப் பார்க்காதே. இருட்டுறதுக்குள்ள வந்துடு.

துப்பட்டா பற்றியது மட்டும் உயிர்காக்கும் அறிவுரை. மற்றவை அவளைச் சாலையிலிருந்து சீக்கிரம் அகற்றுவதற்கானவை. அவற்றிலும் மூன்றாவதைப் பாருங்கள். சைக்கிள் ஓட்டுபவருக்குக் கண்ணாடி கிடையாது. பள்ளத்தைத் தவிர்க்க விலகும் முன்னால், வலப்பக்கம் திரும்பும் முன்னால், நிற்கும் பேருந்தைத் தாண்டும் முன்னால் தோளுக்கு மேல் திரும்பிப் பார்ப்பதுதான் போக்குவரத்தில் முதல் திறமை. அதை நேராகவே வண்டியை ஓட்டிக்கொண்டு செய்யப் பழக வேண்டும். திரும்பிப் பார்த்தால் நீ அழைத்ததாக அர்த்தம் என்று பத்து வயதிலிருந்து கேட்டு வளர்ந்த பெண், பின்னால் லாரி வரும்போது மட்டும் எப்படித் திரும்பிப் பார்ப்பாள்? சீண்டலிலிருந்து காக்கச் சொன்ன சொல் மோதலுக்கு அவளைத் திறந்துவிடுகிறது.

கீழ்ப்படிந்தவர்கள் இறந்த இடம்

ஓரமும் கீழ்ப்படிதலும் எங்கே கொண்டுபோய் நிறுத்தும் என்பதற்கு மிகத் தெளிவான பதிவு லண்டனில் இருக்கிறது. பிரிட்டனிலும் நம்மைப்போல் இடப்பக்கப் போக்குவரத்து என்பதால் அந்தப் பதிவை நாம் அப்படியே வாசிக்கலாம்.

லண்டன் போக்குவரத்து அமைப்புக்காகத் தயாரான ஓர் ஆய்வு 2007இல் பத்திரிகைகளுக்குக் கசிந்தது. 1999 முதல் 2004 வரை லண்டனில் சைக்கிள் ஓட்டி இறந்த பெண்களில் 86 விழுக்காட்டினர் லாரி மோதி இறந்திருந்தார்கள். ஆண்களில் அது 47 விழுக்காடு. 2009இல் அந்நகரில் இறந்த 13 சைக்கிள் ஓட்டிகளில் 10 பேர் பெண்கள். எட்டுப் பேரின் உயிரைப் பறித்தது லாரி. சைக்கிள் ஓட்டுபவர்களில் ஆண்களே பெரும்பான்மையான நகரம் அது.

நடந்தது இதுதான். சிவப்பு விளக்கில் லாரி நிற்கும். ஓரமாக வந்த பெண் அதன் இடப்பக்கத்தில், முன்சக்கரத்துக்குப் பக்கத்தில் வந்து நின்று விளக்கு மாறக் காத்திருப்பாள். உயரத்தில் உட்கார்ந்திருக்கும் ஓட்டுநருக்கு அந்த இடம் கண்ணுக்கும் தெரியாது, கண்ணாடிக்கும் தெரியாது. பச்சை விழும். இடப்பக்கம் திரும்பவிருக்கும் நீண்ட லாரி முதலில் சற்று வலப்பக்கம் ஒதுங்கும். அது நேராகப் போகிறது என்று அவள் நினைப்பாள். பிறகு திரும்பும். அதன் பின்சக்கரம் முன்சக்கரத்தின் தடத்தில் வருவதில்லை, உள்பக்கமாக வெட்டிக்கொண்டு வரும். அவளுக்கும் நடைமேடைக்கும் இடையில் இருந்த இடம் இல்லாமல் போகும்.

அந்த ஆய்வு சொன்ன விளக்கம் அதிரவைத்தது. சிவப்பு விளக்கை மீறிப் பாய்ந்தவர்கள் லாரிக்கு முன்னால் போய்விட்டார்கள். விதியை மதித்து ஓரத்தில் காத்திருந்தவர்கள், பெரும்பாலும் பெண்கள், சக்கரத்தின் உள்பக்கம் சிக்கினார்கள். சிக்னலை மீறுங்கள் என்பது இதன் பாடம் இல்லை. லாரிக்குப் பின்னால் நில்லுங்கள், அல்லது ஓட்டுநர் முகம் உங்களுக்குத் தெரியும் அளவுக்கு முன்னால் தள்ளி நில்லுங்கள், பக்கத்தில் ஒருபோதும் நிற்காதீர்கள் என்பதே பாடம். அவர் முகம் உங்களுக்குத் தெரியவில்லை என்றால் உங்கள் முகமும் அவருக்குத் தெரியாது.

லண்டன் பெண்களுக்கு அறிவுரை சொன்னதோடு நிற்கவில்லை. சைக்கிள் ஓட்டிகள் விடாமல் போராடினார்கள். ஓட்டுநர் கண்ணால் நேரடியாக எவ்வளவு பார்க்க முடிகிறது என்பதை வைத்துக் கனரக லாரிகளுக்கு நட்சத்திரத் தரம் கொடுக்கும் நேரடிப் பார்வை விதி வந்தது. 2021 மார்ச் முதல் அது கட்டாயமானது. தரம் குறைந்த லாரி கூடுதல் பாதுகாப்புக் கருவி பொருத்தாமல் நகருக்குள் வர முடியாது. 2022 ஜனவரியில் திருத்தப்பட்ட பிரிட்டிஷ் சாலை விதிநூல், வேகம் குறைந்த சாலைகளிலும் சந்திப்புகளை நெருங்கும்போதும் சைக்கிள் ஓட்டி தன் தடத்தின் நடுவில் ஓட்டலாம் என்று சொன்னது. முந்திச் செல்லும் கார் குறைந்தது ஒன்றரை மீட்டர் விலகிப் போக வேண்டும் என்றும் சொன்னது. ஓரமாகப் போ என்பதற்கு நேரெதிரான வாக்கியம் ஓர் அரசின் விதிநூலில் ஏறிவிட்டது.

தாய்மார்களின் தெரு

வண்டியை மாற்றுவது பாதி வேலை. சாலையை மாற்றுவது மீதி. அதைச் செய்த நாடு நெதர்லாந்து. சைக்கிள் அந்த மக்களின் இரத்தத்திலேயே இருக்கிறது என்று சுற்றுலாக் கையேடுகள் எழுதும். உண்மையில் 1950, 60களில் அங்கேயும் கார் பெருகியது, சைக்கிள் ஒடுங்கியது, பிள்ளைகள் இறந்தார்கள். 1971இல் அந்தச் சிறிய நாட்டில் சாலை விபத்தில் சுமார் 3,300 பேர் இறந்தார்கள். அவர்களில் 400க்கும் மேற்பட்டோர் குழந்தைகள்.

தன் மகளைச் சாலையில் பறிகொடுத்த பத்திரிகையாளர் ஒருவர் 1972இல் எழுதிய கட்டுரையின் தலைப்பே இயக்கத்தின் பெயரானது: 'ஸ்டாப் டி கிண்டர்மோர்ட்', குழந்தைக் கொலையை நிறுத்து. விபத்து என்ற சொல்லை அவர்கள் மறுத்தார்கள். இயக்கத்தின் முதல் தலைவர் மார்ட்யா வான் புட்டன் அப்போது இளம்பெண். பின்னாளில் ஐரோப்பிய நாடாளுமன்ற உறுப்பினரானார். பெற்றோர்கள் தெருவை மறித்தார்கள், நடுத்தெருவில் மேசை போட்டுச் சாப்பிட்டார்கள், பிள்ளைகளை அங்கே விளையாடவிட்டார்கள். 1973இன் எண்ணெய் நெருக்கடி அரசின் காதைத் திறந்தது. தனிச் சைக்கிள் பாதைகள், வேகம் தணித்த குடியிருப்புத் தெருக்கள், சைக்கிளுக்குத் தனி சிக்னல் என ஒவ்வொன்றாக வந்தன. இன்று அங்கே சாலை இறப்புகள் 1971இல் இருந்ததில் நான்கில் ஒரு பங்குக்கும் கீழே. பெண்கள் ஆண்களைவிட அதிகமாகச் சைக்கிளில் போகிறார்கள், பெரும்பாலோர் ஹெல்மெட் இல்லாமல். தலைக்கவசம் வேண்டாம் என்பதற்கு இது சான்றாகாது. விழுந்தால் தலையைக் காக்கும் பொருள் அது, போட்டுக்கொள்வது நல்லது. மோதலை வராமல் தடுப்பது சாலைதான்.

நம் சாலையில்

2022இல் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் இறந்தார்கள் என்கிறது ஒன்றியச் சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கை. விபத்துகளின் எண்ணிக்கையில் அந்த ஆண்டு முதலிடம் தமிழ்நாட்டுக்கு. சென்னை மாநகராட்சி 2014இலேயே மோட்டார் அல்லாத போக்குவரத்துக்கென ஒரு கொள்கையை ஏற்றது. போக்குவரத்து நிதியில் 60 விழுக்காட்டை நடப்பவர்களுக்கும் சைக்கிள் ஓட்டுபவர்களுக்கும் செலவிடுவது அதன் இலக்குகளில் ஒன்று. ஆனால் விடியற்காலையில் அந்தச் சாலைகளில் சைக்கிளில் போகும் தூய்மைப் பணியாளரும் வீட்டுவேலைக்குப் போகும் அக்காவும் இன்னும் ஓரத்தில்தான் போகிறார்கள்.

நமக்கு இன்னொரு சுமையும் உண்டு. 1998இல் சென்னையில் ஆட்டோவில் வந்த ஆண்களின் சீண்டலால் ஒரு கல்லூரி மாணவி உயிரிழந்தார். அந்த ஆண்டே பெண்களைச் சீண்டுவதற்கு எதிரான சட்டம் தமிழ்நாட்டில் வந்தது. சீண்டல் வேறு, சாலை ஆபத்து வேறு என்று பிரித்துப் பேசுவது நம் அனுபவத்துக்குப் பொருந்தாது. உரசுவதற்காக வண்டியை நெருக்குபவன் கையில் இருப்பது வாகனம். ஓரத்தில் இருப்பவளுக்கு விலக இடம் இல்லை. தார்விளிம்பிலிருந்து ஒரு கை அகலம் உள்ளே வந்து ஓட்டினால், நெருக்கப்படும்போது இடப்பக்கம் ஒதுங்க ஒரு கை அகலமாவது மிஞ்சும்.

ஆகவே பெண் பிள்ளைக்குச் சைக்கிளோடு சேர்த்துக் கொடுக்க வேண்டிய பாடம் வேறு. நிறுத்திய காரிலிருந்து அதன் கதவு திறக்கும் தூரத்துக்கு விலகி ஓட்டு. தெரு குறுகும் இடத்திலும் சந்திப்பிலும் தடத்தின் நடுவுக்கு வா; உன்னை உரசி முந்தலாம் என்ற எண்ணமே பின்னால் வருபவருக்கு வரக் கூடாது. திரும்புமுன் பார், பார்த்த பிறகு கை காட்டு. லாரி, பேருந்தின் இடப்பக்கம் நிற்காதே. பையைக் கைப்பிடியில் தொங்கவிடாதே, கேரியரில் கட்டு. இரண்டு பிரேக்கும் பிடிக்கிறதா என்று கிளம்பும் முன் அழுத்திப் பார். மாலையில் முன்னால் வெள்ளை விளக்கும் பின்னால் சிவப்பு விளக்கும் எரியட்டும். முடிந்தவரை சேர்ந்து போங்கள். நெடுஞ்சாலை மட்டும் விலக்கு. நூறு கிலோமீட்டர் வேகத்தில் வாகனம் போகும் இடத்தில் நடுத்தடம் உயிரைக் கேட்கும். அங்கே கிராமத்துப் பள்ளிக்குப் போகும் பிள்ளைக்குத் தேவை துணிச்சல் இல்லை, தனிப் பாதை. அதைக் கிராம சபையில் தீர்மானமாகக் கேட்கலாம். பள்ளி வாசலில் வேகத்தடை, சந்திப்பில் வெளிச்சம், லாரிகளுக்குப் பக்கவாட்டுத் தடுப்பு, எல்லாமே கேட்டுப் பெற வேண்டியவை. கொடுத்த அரசிடம் கேட்பதில் கூச்சம் எதற்கு? சைக்கிளுக்குச் செலவிட்ட பணம் பிள்ளை பள்ளிக்குப் போய்த் திரும்பினால்தான் பலன் தரும்.

இந்த நூலை வாசிக்கும் பலருக்குச் சைக்கிள் கற்கப்போகும் ஒரு மகளோ தங்கையோ மாணவியோ இருக்கக்கூடும். அவளை வழியனுப்பும்போது நாக்கில் பழைய சொல்தான் முதலில் வரும். அதை விழுங்கிவிட்டு, "திரும்பிப் பார்த்துட்டுப் போ" என்று சொல்லலாம். வேறு யாருக்கும் நேரமில்லை என்றால், முதல் வாரம் நாமே அவளுக்கு வலப்பக்கத்தில் இன்னொரு சைக்கிளில் போகலாம்.